பாதிச் சவரமும் பாதிக் கண்ணும்

தொம்மலூரில் பாதிப்பேரின் தாடையைத் தடவிப் பார்த்தே பெயர் சொல்லக்கூடிய என் அப்பாவுக்கு,

நரம்பு டாக்டரின் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எனக்கு முன்னால் நாலைந்து பேர் இருக்கிறார்கள். பயமாக இருக்கிறது அப்பா. கண் டாக்டருக்குப் படிக்கிறவள் இதற்குப் போய்ப் பயப்படலாமா என்று கேட்காதீர்கள். டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டால் படித்த படிப்பெல்லாம் உதவிக்கு வருவதில்லை.

கையால்தான் எழுதுகிறேன். ஒவ்வொரு வரியையும் முடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன். எழுத்து ஆடியிருக்கிறதா? சுழி கோணிப் போயிருக்கிறதா? உள்ளே போனால் அந்த டாக்டரும் இதையேதான் செய்யச் சொல்வார். சுருள் மாதிரி ஒரு வட்டம் போடு, பெயரை எழுது, இரண்டு கையையும் நீட்டு என்பார். உங்களை யாரும் இப்படி உட்கார வைத்ததில்லை. வைத்திருந்தாலும் நீங்கள் எழுந்து போயிருப்பீர்கள்.

உங்கள் கை ஆடியது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். காபியை அம்மா டம்ளரில் பாதிதான் ஊற்றித் தருவாள். நீங்கள் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வீர்கள். யாராவது வந்தால் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு பேசுவீர்கள். ஏன் சலூனை விட்டீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: "நின்னு நின்னு கால் நோவுதுப்பா." கால் வலி என்றால் மரியாதை, கை நடுக்கம் என்றால் அவமானமா? இதை நீங்கள் உயிரோடு இருந்தபோதே நேரில் கேட்டிருக்க வேண்டும்.

சலூன் இப்போது எப்படி இருக்கிறது தெரியுமா? செல்வம் அண்ணன்தான் நடத்துகிறார். உங்களுக்கு அடுத்த நாற்காலியில் நின்றவர், இப்போது ஏசி போட்டு, கண்ணாடிக் கதவு போட்டு, பெயரைக்கூட மாற்றிவிட்டார். ஐ.டி. பையன்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஆனால் விமானச் சத்தம் இல்லை அப்பா. பக்கத்தில் இருந்த ஏர்போர்ட்டை ஊருக்கு வெளியே தேவனஹள்ளிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நம் தலைக்குமேல் வயிற்றைக் காட்டிக்கொண்டு இறங்கும் அந்த விமானங்கள் இப்போது இல்லை.

உங்களுக்கு நினைவிருக்கும். விமானம் வருகிற சத்தம் கேட்டதும் கத்தியைத் தோலைவிட்டுத் தூக்கிவிடுவீர்கள். கண்ணாடி கடகடவென்று ஆடும், அலமாரியில் படிகாரக் கட்டி நகரும், நுரை பூசிய முகத்தோடு வாடிக்கைக்காரர் கண்ணை மூடிக் காத்திருப்பார். சத்தம் ஒயிட்ஃபீல்டு பக்கம் போய்த் தேய்ந்த பிறகுதான் கத்தி திரும்ப இறங்கும். தொம்மலூரில் எல்லாச் சலூனிலும் இதுதான் பழக்கம். வெளியூர்க்காரர்கள்தான் "இன்னாய்யா, அந்தரத்துல நிக்கிறே?" என்று கேட்பார்கள்.

அந்த ஒரு நாள் நானும் அங்கே இருந்தேன். காலேஜ் விட்டு வீட்டுச் சாவி வாங்க வந்திருந்தேன். நாற்காலியில் பேங்க் பியூன் கோவிந்தன் மாமா. ஒரு கன்னம் முடிந்து, கழுத்துப் பக்கம் கத்தி வந்தது. நீங்கள் கத்தியைத் தூக்கினீர்கள். நானும் மாமாவும் பழக்கத்தில் கூரையைப் பார்த்தோம். விமானம் வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தோம். வரவேயில்லை. நீங்கள் கத்தியைத் துடைத்து மடக்கி, "செல்வம், இவரை நீ முடிச்சுடு" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டீர்கள்.

மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. வராமல் இருக்குமா? ஆரம்பித்த கைதான் முடிக்க வேண்டும், அது சலூன் வழக்கம். "இன்னா மச்சான் இது, பாதி மூஞ்சி உனுது, பாதி மூஞ்சி அவனுதா?" என்று வாசலைப் பார்த்துக் கத்தினார். நீங்கள் திரும்பவில்லை. அதற்குப் பிறகு கத்தியை நீங்கள் தொட்டு நான் பார்க்கவில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு மெஷின் வாங்கியிருக்கிறார்கள். சிமுலேட்டர் என்று பெயர். ஒரு மேஜை, அதன்மேல் படுத்திருக்கிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் முகம், கண் இருக்க வேண்டிய குழியில் ஒரு சின்னப் பந்து. மைக்ராஸ்கோப் மாதிரி இரண்டு குழல்கள் வழியாகப் பார்த்தால் அந்தப் பந்து பந்தாகத் தெரியாது. உயிருள்ள கண்ணாகத் தெரியும். நரம்பு ஓடும், கண்மணி விரியும், உள்ளே புரை பழுப்பாக நிற்கும். கையில் இருப்பது வெறும் கம்பி, ஆனால் குழலுக்குள் அது ஊசியாகவும் கத்தியாகவும் மாறி, தொட்டால் கண் அசையும். முதல் நாள் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செடுத்தது. யாரோ ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிற மாதிரி இருந்தது.

எங்கள் சீனியர்கள் எல்லாம் ஆட்டுக்கண்ணில் பழகியவர்கள். சிவாஜிநகர் கறிக்கடையிலிருந்து ஐஸ் பெட்டியில் வரும். ஆட்டுக்கண் நல்லது அப்பா, அது யாரிடமும் போய்ச் சொல்லாது. இந்த மெஷின் சொல்லிவிடும். கை எத்தனை தடவை தேவையில்லாமல் பட்டது, எங்கே அழுத்தம் அதிகம், எவ்வளவு நடுங்கியது, எல்லாவற்றையும் கோடு போட்டுத் திரையில் காட்டும். கடைசிக் கோடு நடுக்கக் கோடு. சிவப்பு.

அந்தச் சிவப்புக் கோட்டைத்தான் நான் முதலில் பார்ப்பேன். மற்றவர்கள் மொத்த ஸ்கோரைப் பார்ப்பார்கள், ஒருவரையொருவர் கிண்டல் செய்வார்கள். நான் கோட்டைப் பார்ப்பேன். உங்கள் நடுக்கத்துக்குப் புத்தகத்தில் ஒரு பெயர் இருக்கிறது. பக்கத்திலேயே, குடும்ப வழியாக வரலாம் என்றும் எழுதியிருக்கிறது. அந்தப் பக்கத்தைப் படித்த நாளிலிருந்து காலையில் எழுந்ததும் என் வேலை கையை நீட்டிப் பார்ப்பதுதான். அம்மா கேட்டால் நகம் பார்க்கிறேன் என்பேன்.

தொடக்கத்தில் கோடு அடங்கித்தான் இருந்தது. ஆயுத பூஜை வந்தது. இங்கே ஆயுத பூஜையை எப்படிச் செய்வார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? நீங்களே கத்தி, கத்தரிக்கோல், பவுடர் டப்பாவைக்கூட விடாமல் சந்தனம் வைத்தவர். ஆஸ்பத்திரியிலும் மைக்ராஸ்கோப்புக்கு மாலை, கருவிகளை ஆவியில் சுத்தம் செய்கிற ஆட்டோகிளேவுக்கு வாழைக்கன்று, ஆம்புலன்ஸ் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். மெஷினின் பிளாஸ்டிக் முகத்துக்கும் யாரோ நெற்றி நிறைய சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார்கள். பார்க்க மணமேடைக்குப் போகிற மாப்பிள்ளை மாதிரி இருந்தது. நான்கூடச் சிரித்தேன்.

பூஜை முடிந்து மறுபடி உட்கார்ந்தேன். சிவப்புக் கோடு எகிறியது. ஊசி முனையை ஒரு சின்ன வட்டத்துக்குள் அசையாமல் நிறுத்த வேண்டும், அது முதல் பயிற்சி, குழந்தை விளையாட்டு. அதிலேயே கோடு மேலும் கீழும் குதித்தது. மறுபடி செய்தேன். இன்னும் மோசம். அன்றைக்கு நான்தான் கடைசி, அறையில் வேறு யாரும் இல்லை. கையை மேஜைமேல் வைத்துப் பார்த்தேன். அது பாட்டுக்குச் சும்மா கிடந்தது. உங்கள் கையும் சும்மா இருக்கும்போது ஆடாது, எதையாவது பிடித்தால்தான் ஆடும்.

அதற்குப் பிறகு என்ன செய்தேன் தெரியுமா? உங்கள் மகள் என்பதை நிரூபித்தேன். மெஷின் பெயர் கேட்கும் இடத்தில் என் பெயரைத் தட்டாமல் 'கெஸ்ட்' என்று தட்டிவிட்டுப் பயிற்சி செய்தேன். கோடு யார் கணக்கிலும் ஏறாது. எங்கள் பயிற்சியைப் பார்க்கிற சாந்தா மேடம், "இப்பல்லாம் நீ மெஷின்ல உக்காரறதே இல்லியா?" என்று கேட்டபோது, வார்டில் வேலை அதிகம் என்றேன். நீங்கள் சட்டைப் பைக்குள் கையை விட்டீர்கள். நான் கெஸ்ட்டுக்குள் விட்டேன்.

வீட்டில் சோறு இறங்கவில்லை. அம்மா ஏதோ காதல் சமாசாரம் என்று முடிவு கட்டிவிட்டாள். "யாருன்னு சொல்லிடு, நான் ஒண்ணும் தின்னுட மாட்டேன்" என்றாள். உன் புருஷன்தான் என்று வாய் வரை வந்தது.

மெஷினைப் பார்த்துக்கொள்கிறவர் நாகராஜ். கன்னடக்காரர், எங்களிடம் பேசிப் பேசித் தமிழ் அவர் வாயில் ஒரு மாதிரியாகக் குடியேறிவிட்டது. ஒரு நாள் காலை நான் போனபோது பிளாஸ்டிக் கண்ணைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பஞ்சால் சுரண்டிக்கொண்டிருந்தார். "நோடி மேடம், ஹப்பக்கு வெச்ச கந்தா, உள்ள போயி காஞ்சுபிட்டு கல்லு மாதிரி ஆயிடிச்சு. பந்து எங்க திரும்பும்? எல்லா டாக்டரும் பூஜையிலேருந்து தினமும் எங்கிட்ட ஜகளா, ஒரே சண்டை. கை நடுங்குதுன்னு மெஷின் சொல்லுதாம், கை! யார் கையும் நடுங்கல மேடம், பயப்பட பேடா."

பண்டிகைக்கு வைத்த சந்தனம்! நெற்றியில் வைத்தது வழிந்து கண் குழிக்குள் இறங்கி, பந்தை இறுக்கியிருக்கிறது. பந்து திக்கித் திக்கித் திரும்ப, மெஷின் அதை எங்கள் கை நடுக்கமாகக் கணக்குப் போட்டிருக்கிறது. எல்லோருக்கும் கோடு எகிறியிருக்கிறது. எல்லோரும் மெஷினைத் திட்டினார்கள். நான் ஒருத்திதான் என்னையே திட்டிக்கொண்டேன். நாகராஜ் முன்னாலேயே உட்கார்ந்து சிரித்தேன், பிறகு கழிவறையில் போய் அழுதேன்.

துடைத்த பிறகு என் பெயரிலேயே உட்கார்ந்தேன், கோடு அடங்கியது. ஆனால் பயம் அடங்கவில்லை அப்பா. அதுதான் எனக்குப் புரியவில்லை. நடுக்கம் இல்லை என்று மெஷினே சொல்லிவிட்டது, பிறகும் ஏன்? ஒரு தடவை வீட்டுக்குள் வந்த பாம்பை வெளியே விரட்டினாலும், அன்றைக்குக் கட்டிலுக்கு அடியில் பார்க்காமல் படுக்க முடியுமா?

மேடம் என் ஸ்கோர்களைப் பார்த்துவிட்டு முதல் நிஜக் கண்ணைக் கொடுத்தார். நேற்று காலை. ஜெயம்மா என்று ஒரு அம்மாள், ஒக்கலிபுரம். அடுக்குமாடி வீடுகளில் சமைக்கிறார். புரை முற்றி, உப்பு டப்பா எது, சர்க்கரை டப்பா எது என்று கையால் தடவிப் பார்க்கிற நிலைமை. இன்னொரு கண்ணிலும் புரை தொடங்கிவிட்டது. இந்தக் கண் சரியாகாவிட்டால் வேலை போய்விடும். கண் மட்டும் மரத்துப்போக ஊசி போடுவோம், ஆள் விழித்துக்கொண்டுதான் இருப்பார். மெஷினுக்கும் இவருக்கும் உள்ள முதல் வித்தியாசம் பச்சைத் துணிக்கு அடியிலிருந்து கேட்டது: "டாக்டரம்மா, ஆரம்பிச்சிட்டியா? எனக்கு ஒண்ணும் தெர்லியே."

"பேசாம படுத்திருங்கம்மா, தலை ஆடக் கூடாது" என்றேன். என் குரல் ஆடியது.

புரைக்கு முன்னால் ஒரு உறை இருக்கும். வெங்காயத்தின் உள்தோலைவிட மெல்லியது. அதில் வட்டமாக ஒரு திறப்புக் கிழிக்க வேண்டும். அந்தக் கிழிசல் வட்டத்தை விட்டு வெளியே ஓடிவிட்டால் போச்சு, புரை கண்ணின் அடியில் விழலாம், பார்வையே போகலாம். மெஷினில் எனக்கு இது எத்தனையோ தடவை ஓடியிருக்கிறது. ஓடினால் என்ன, இடது பக்கத் திரையில் 'மறுபடி' என்று ஒரு பொத்தான் இருக்கும். தொட்டால் கண் புதிதாக வந்து நிற்கும்.

முக்கால் வட்டம் நன்றாகத்தான் வந்தது. அப்புறம் கிழிசல் மெல்ல வெளிப்பக்கம் திரும்பியது. என்ன செய்தேன் தெரியுமா அப்பா? கண்ணைக் குழலிலிருந்து எடுத்து இடது பக்கம் பார்த்தேன். பொத்தானைத் தேடினேன். உள்ளே இடுக்கி இருக்கும்போதே! அங்கே நர்ஸின் தோள்தான் இருந்தது. ஒரு வினாடிகூட இருக்காது. ஜெயம்மா நம்பியிருப்பது அந்த ஒரு கண்ணை. அதற்கு மறுபடி கிடையாது.

திரும்பக் குழலுக்குள் பார்த்தேன். இடுக்கியின் முனை நடுங்கிக்கொண்டிருந்தது. சந்தனம் இல்லை, மெஷின் இல்லை, என் கை. அது பயத்தால் வந்த நடுக்கமா, நீங்கள் கொடுத்த நடுக்கமா? குழலுக்குள் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிகிறது.

இடுக்கியை மெதுவாக வெளியே எடுத்தேன். நீங்கள் கத்தியைத் தூக்கிப் பிடிக்கிற மாதிரி அந்தரத்தில் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். போய்விடும், இந்தச் சத்தம் போய்விடும் என்று சொல்லிக்கொண்டேன். துணிக்கு அடியிலிருந்து, "இன்னாம்மா, நின்னுடுச்சா?" என்றார் ஜெயம்மா. கை அடங்கவில்லை. இன்னும் ஒரே ஒரு இழுப்புதான், முடித்துவிடலாம் என்று உள்ளே ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது. முதல் கண். ஆரம்பித்த கை. வெளியே என்னோடு படிக்கிறவர்கள் எல்லாம் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கோவிந்தன் மாமாவின் பாதி நுரை முகம் நினைவுக்கு வந்தது. அன்று உங்களுக்கும் இன்னும் பாதி முகம்தானே பாக்கி இருந்தது?

"மேடம், என் கை ஆடுது. நீங்க முடிச்சுடுங்க" என்றேன்.

மேடம் எழுந்தார். இடம் மாறினோம். அவர் கிழிசலைப் பிடித்துத் திருப்பி வட்டத்துக்குள் கொண்டுவந்தார். புரை வந்தது, லென்ஸ் போனது. நான் பக்கத்தில் உட்கார்ந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். தண்ணீர் விடும்போதும் கையைத்தான் பார்த்தேன்.

கை கழுவுகிற இடத்தில் மேடம் பிடித்துக்கொண்டார். கட்டிப் பிடித்து ஆறுதல் சொல்கிற ரகம் இல்லை அவர். "கொஞ்சம் முன்னாடியே சொல்லியிருக்கலாம். சொல்லாம இன்னும் ஒரு இழு இழுத்திருந்தேன்னு வெச்சுக்கோ, நான் இப்ப உன்கிட்ட பேசிட்டிருக்க மாட்டேன், அந்தம்மா பொண்ணுகிட்ட பேசிட்டிருப்பேன்" என்றார். எனக்கு அழுகை வந்தது. சொல்லிவிட்டேன் அப்பா. உங்களைப் பற்றி, பாதி டம்ளர் பற்றி, கெஸ்ட் பற்றி, எல்லாமே. அவர் ஈரக் கையோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பாவுக்கு இருந்தா உனக்கு இருந்தே ஆகணும்னு இல்ல. இருக்கலாம். பயத்துலயும் ஆடியிருக்கலாம், முதல் கண்ணுல எனக்கே ஆடிச்சு. நாளைக்கே நரம்பு டாக்டர்கிட்ட காட்டு. அவர் என்ன சொன்னாலும் எங்கிட்ட வந்து சொல்லு. அதுவரைக்கும் மெஷின்தான், மனுஷக் கண் கிடையாது. உன் பேர்லயே உக்காரு."

நேற்று முழுக்க எனக்கு இரண்டு பயம். என் கை ஒன்று, ஜெயம்மாவின் கண் இன்னொன்று. நான் பராக்குப் பார்த்த அந்த வினாடியில் உள்ளே எதையாவது உரசியிருந்தால்? மேடம் ஒன்றும் ஆகவில்லை என்றார். கட்டைப் பிரிக்கும்வரை யாருக்குத் தெரியும்?

இன்று காலை பிரித்தோம். பிளாஸ்டரை நான்தான் எடுத்தேன். ஜெயம்மா கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி விளக்கைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அய்யோ, இவ்ளோ சின்னப் பொண்ணா நீ? முன்னாடியே தெரிஞ்சிருந்தா கண்ணே குடுத்திருக்க மாட்டேன்!" என்றார். வார்டு முழுக்கச் சிரித்தது. அப்புறம் என் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "நல்ல கைம்மா உனுது" என்றார்.

பேசாமல் இருந்திருக்கலாம். கூட நின்ற மேடமும் பேசாமல்தான் இருந்தார். "பாதிதாம்மா நான் பண்ணேன். என் கை ஆடிச்சு, மீதியை மேடம் முடிச்சாங்க" என்றேன். ஜெயம்மா கையை விடவில்லை. "அதான் நடுவுல நின்னுடுச்சா? நிறுத்தினியே, அது போதும்" என்றார்.

அன்று வாசலில் நீங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றீர்களே, இதை உங்களுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும் அப்பா. ஒருவரும் சொல்லவில்லை. கோவிந்தன் மாமா திட்டினார், அம்மா புலம்பினாள், நான் சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். கத்தியை மடக்கும்போது உங்களுக்கு எவ்வளவு பயமாக இருந்திருக்கும்? மடக்குவது பயமா, மடக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது பயமா?

எனக்கு முன்னால் இனி ஒருவர்தான். இதை அச்சுக்கும் கொடுக்கப்போகிறேன். உங்கள் கை ஆடியது தொம்மலூர் முழுக்கத் தெரியட்டும். எதற்காகக் கத்தியை வைத்தீர்கள் என்பதும் தெரியட்டும்.

எழுத்தைத் திரும்பப் பார்த்தேன். சில இடத்தில் கோணியிருக்கிறது. மடியில் வைத்து எழுதியதாலா? தெரியவில்லை. என்னால் இதற்குமேல் பார்க்க முடியாது.

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். உள்ளே போனதும் இரண்டு கையையும் நீட்டுவேன். உங்கள் கைதான் எனக்கும் என்று அவர் சொன்னால், முதலில் அழுவேன், பிறகு நேராக மேடத்திடம் போய்ச் சொல்வேன். இல்லை என்று சொன்னால், இனி நான் தொடும் ஒவ்வொரு கண்ணிலும், வானத்தில் ஒரு சத்தமும் இல்லாவிட்டாலும், தூக்க வேண்டிய நேரத்தில் தூக்குவேன். எதுவானாலும், யாராவது கேட்டால் கால் வலி என்று சொல்ல மாட்டேன்.

என் பெயரைக் கூப்பிடுகிறார்கள் அப்பா.

பயந்துகொண்டே, பையிலிருந்து கையை எடுத்துக்கொண்டு,
உங்கள் ஒரே மகள்